கொடுக்காத மனுக்கள்

ஜமுனாமரத்தூர் தாசில்தார் அலுவலகத்துக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே செவ்வந்தி அக்கா உட்கார்ந்திருப்பார். ஒரு பலகை மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்டேப்ளர், கைநாட்டு வைப்பவர்களுக்கு ஒரு ஸ்டாம்ப் பேடு, விரலில் ஒட்டிய மையைத் துடைக்கப் பழைய லுங்கித் துணி. அவ்வளவுதான் அலுவலகம். ஜவ்வாது மலையில் சாதிச் சான்றிதழ் வேண்டியவர்களும் பட்டா வேண்டியவர்களும் முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்களும் முதலில் அங்கே வந்துதான் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் சொல்வார்கள். அக்கா அதை ஒரு பக்கத்துக்குள் அடக்கிக் கொடுப்பார்.

பதினான்கு வருடங்களாக இந்த வேலை. எத்தனை ஆயிரம் பக்கங்கள் எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேறொருவர் கையெழுத்து, அல்லது வேறொருவர் பெருவிரல் ரேகை. தன் பெயர் போட்டு அவர் எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போது வந்தது, அது எப்படி நிறைவேறியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அவரிடம் முதலில் போனது ரேஷன் கார்டுக்காக. நீண்ட நாள் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது கார்டில் என் பெயர் இல்லை.

"எத்தினி வருசமா ஊர்ல இல்ல?" என்று அக்கா பேனாவைத் திறந்தார்.

"ஆறு வருஷம்க்கா."

"ஆறு வருசமா இன்னா பண்ண?"

"ஊர் ஊரா சுத்தினேன். கொஞ்ச நாள் ஓட்டல் வேல, கொஞ்ச நாள் டூரிஸ்டுங்கள மலையேத்தற வேல. லடாக், மேகாலயா, அப்புறம் நேபாளம்."

"சுத்தினேன்னு எழுதினா பேரு சேராது." அவர் எழுதினார்: 'பணி நிமித்தமாக வெளிமாநிலங்களில் தங்கியிருந்தேன்.' பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "நேபாளத்த வுட்டுட்டேன். அது தனி ரோதன."

நான் கையெழுத்துப் போட்டேன். கார்டு வந்ததும் மறுபடியும் கிளம்பிவிடுவேன் என்றேன். அக்கா ஸ்டேப்ளரை ஒரு குத்துக் குத்திவிட்டு, "அது வர்ற வரைக்கும் ஞாயித்துக்கெழம வூட்ல சும்மா தான கீற? லைப்ரரிக்கு வா. நாங்க எழுதறோம்" என்றார்.

அந்த எழுத்துக் கூட்டத்தைத் தொடங்கியவர் வெற்றிச்செல்வன் சார். மலையில் பள்ளி ஆசிரியர். நூலகத்தின் சின்ன அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுக்க அவர் வந்தது செவ்வந்தி அக்காவிடம்தான். அக்கா எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறார்: "எழுதறதுக்கு ஒரு கூட்டமா சார்?"

"ஆமாங்க. கதை, கட்டுரை, மனசுல தோணறது. நீங்களும் வாங்களேன்."

"நான்தான் தெனம் எழுதறேனே."

"அது மத்தவங்களுக்கு. இங்க உங்களுக்கு எழுதலாம்."

மனு ஒரே வாரத்தில் தேறியது. அந்தக் கூட்டத்துக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே தன் மனுதான் என்பதில் அக்காவுக்கு இன்றும் ஒரு மிடுக்கு உண்டு. தான் வாங்கிக் கொடுத்த இடம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கப் போனவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் பதினோரு மணி பஸ்ஸில் வருபவர்கள் வந்ததும் தொடங்கும். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்ததும் முடியும். ஒரே ஒரு விதி. எழுதியவர் தன் எழுத்தைத் தானே படிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் படிப்பார். எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

முதல் வாரம், வீட்டில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார் சார். அக்கா பேனாவைத் தாளில் வைத்ததும் கை தானாக இடது ஓரத்துக்குப் போய் 'அனுப்புநர்' என்று எழுதிவிட்டது. எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. அனுப்புநர் என்றால் யாராவது அனுப்ப வேண்டுமே என்று யோசித்து, அதற்குக் கீழே 'அலுமினியக் குண்டான், அடுப்பு மேடை, செவ்வந்தி வீடு' என்று எழுதினார். பெறுநர், செவ்வந்தி. பொருள், அடியில் விழுந்த ஓட்டையைப் பதினோரு மாதமாக அடைத்துத் தராதது தொடர்பாக.

அதைப் படித்தது கிராம செவிலியர் ரம்யா. 'மேற்படி ஓட்டையில் தாங்கள் அவ்வப்போது சோற்றுப் பருக்கையை வைத்து அடைப்பதால் என் மானம் போகிறது' என்ற வரியில் ரம்யாவால் மேலே படிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். கூட்டமே சிரித்தது. அக்கா தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்துத் தாளைப் பிடுங்கப் போயிருக்கிறார்.

"எனக்கு வேற மாரி எழுத வராது சார். நான் வர்ல இனிமே."

"வேற மாதிரி எழுதவே எழுதாதீங்க" என்றார் வெற்றிச்செல்வன் சார். "அடுத்த வாரமும் மனுவே கொண்டு வாங்க."

அப்படித்தான் கொடுக்காத மனுக்கள் பிறந்தன. ரோடு அகலப்படுத்தியபோது வெட்டுப்பட இருந்த பலாமரம், அளவெடுக்க வந்தவருக்குக் கொடுத்த மனு. மெக்கானிக்கான தன் கணவர் அருண்ராஜுக்கு, கடை மூலையில் ஐந்து வருடமாகச் சாய்ந்து நிற்கும் ஒரு மொபெட் கொடுத்த மனு. "அந்த வண்டிய இப்ப ரெடி பண்ணியே ஆவணும், இல்லாட்டி ஊர்ல மூஞ்சி காட்ட முடியாது" என்று அருண்ராஜ் அண்ணன் நிஜமாகவே அதைப் பழுது பார்த்துவிட்டார். அக்கா எழுதிய மனுக்களில் இவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான்.

அக்கா பிறந்தது அடிவாரத்தில், சந்தவாசலில். பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். முதல் மனுவை அவர் எழுதியது பஸ் ஸ்டாப்பில். வெள்ளைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருனா படிச்சவங்க கீறீங்களா?" என்று ஒரு பெண் வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அக்கா கையைத் தூக்கினார். அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பெண் தன் ஊரிலிருந்து இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நான் கூட்டத்தில் சேர்ந்த ஐந்தாவது வாரம், அக்காவின் தாள் என் கைக்கு வந்தது. பக்கத்தில் இருந்ததால் நான் படிக்க வேண்டும்.

அனுப்புநர், அத்திக்கொல்லை ஊரைச் சேர்ந்த ஒரு பெண். பெறுநர், அரசு ஜீப்பில் வந்த அதிகாரி. பொருள், சாமை காயும் வரை காத்திருக்க வேண்டுதல் தொடர்பாக.

அறுத்து அடித்த சாமையைக் காயவைக்க அத்திக்கொல்லையில் களம் கிடையாது. புதிதாகத் தார் போட்ட ரோட்டில் அந்தப் பெண் சாமையைப் பரப்பியிருக்கிறாள். மலையில் வெயில் கிடைப்பதே சில மணி நேரம். அப்போது ஒரு ஜீப் வருகிறது. எடுத்தால் ஈரச் சாமை பூஞ்சை பிடிக்கும். எடுக்காவிட்டால் சக்கரத்தில் நசுங்கும். அவள் ரோட்டின் நடுவில் நிற்கிறாள். கடைசியில் அவள் இரு கைகளையும் கூப்பி, கண்ணீர் மல்க, 'ஏழை எளியவளாகிய என்மீது இரக்கம் கொண்டு திரும்பிச் செல்லுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்கிறாள். ஜீப் திரும்பிப் போகிறது.

நான் படித்து முடித்தேன். ரம்யா மூக்கை உறிஞ்சினார். அந்த அறையில் யாருக்கும் அதில் ஒரு குறை தெரியவில்லை.

வெற்றிச்செல்வன் சார் அதைப் போனில் தட்டச்சு செய்து, வேலூரில் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். புதிதாக எழுதுபவர்களை வைத்து வருடம் ஒரு தொகுப்பு போடுகிறவர்கள். பத்து நாளில் பதில் வந்தது. தொகுப்பின் முதல் கதையாகவே இதை வைக்கிறார்களாம். முடிவு மனதை உருக்குகிறதாம். உண்மையில் நடந்ததாக இருந்தால், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

சார் அதைப் படித்துக் காட்டியபோது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். 'எழுதியவர்: செவ்வந்தி' என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் சம்மதம் என்ற சொல் அவருக்கு உறைத்தது.

அது சாந்தம்மாளின் கதை. அத்திக்கொல்லைக்குக் களம் கட்டித் தரக் கேட்டு மனு எழுத வந்தபோது சாந்தம்மாள் சொன்னது.

"எங்கிட்ட சொன்னா ஆபீசத் தாண்டி வெளிய போவாதுன்னு தான் எல்லாரும் வந்து கொட்டிட்டுப் போறாங்க" என்றார் அக்கா. "சாந்தம்மா கோவிச்சிக்கினா அந்த ஊரே வராது. அந்த ஊரு வரலன்னா சுத்துப்பட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. என் பொழப்பே அவங்க வாயில தான் கீது."

"கேக்காம வுட்டுடலாமாக்கா?"

அக்கா ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "பேரு வரணும் பூவிழி" என்றார். "ஒரே ஒரு தபா. நாளைக்கு எங்கூட வா."

வியாழக்கிழமை பஸ் எங்களை வளைவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து முக்கால் மணி நேர நடை. அத்திக்கொல்லையில் இப்போது ஊருக்கு நடுவில் சிமெண்ட் களம் இருக்கிறது. அக்கா எழுதிய மனுவால் வந்த களம். அதில் சாமையைப் பரப்பி, நீளவாக்கில் நடந்து காலாலேயே துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தார் சாந்தம்மாள். அக்கா வயதுதான் இருக்கும். முந்தானையைத் தலையில் முண்டாசாகக் கட்டியிருந்தார்.

"இன்னா செவ்வந்தி, மனு எழுதறவ வூடு தேடி வந்துக்கீற? ஆபீச மூடிட்டாங்களா?"

"ஒரு சமாச்சாரம். நீ சொன்ன கதைய நான் எழுதிக்கீறேன். புக்குல போடறேன்றாங்க. பேரு போடாம தான் வச்சிக்கீறேன், உம் பேரு வெளிய வராது. நீ சரின்னா தான் குடுப்பேன்."

"படி, கேக்கறேன். நான் காலு ஓட்டிக்கினே இருக்கேன், வெயிலு போய்டும்."

விதிப்படி படித்தது நான்தான். அக்கா களத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாந்தம்மாள் போவதும் வருவதுமாக நடந்தபடி கேட்டார். அந்தப் பக்கம் போகும்போது நான் குரலை உயர்த்துவேன். ஈரச் சாமை, புது ரோடு, ஜீப் எல்லாவற்றுக்கும் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டினார். கண்ணீர் மல்க என்று படித்ததும் கால் நின்றது.

"இரு. யாரு அழுதது?"

"அந்தம்மாதாங்க."

"அந்தம்மா நானு தான?" அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்போ அழுதேன் செவ்வந்தி?"

அக்கா ஓரத்தில் சிதறிக் கிடந்த சாமையைக் கையால் உள்ளே தள்ளினார்.

"கைய வேற கூப்பிக்கீறேன். கையில தொடப்பம் இருந்திச்சி. தொடப்பத்த வச்சிக்கினு எப்பிடிக் கூப்பறது?" அவர் என்னிடம் வந்தார். "நடந்தத சொல்றேன், கேளு. டிரைவரு ஆரன் அடிச்சான். நீ ஆரன் அடிச்சா சாமை காயாது, வெயிலடிச்சா தான் காயும்னேன். ஆபீசரு கீழ எறங்கி வந்தாரு. எத்தினி நேரம்மா ஆவும்னாரு. அர மணி நேரம்னேன். வெயில்ல சும்மா நின்னாரு. பாவமா இருந்திச்சி. அந்தப் பக்கம் கோழி மேயுது சார், சும்மா தான நிக்கிறீங்க, அத்த ஓட்டுங்கன்னேன்."

"ஓட்டினாரா?" என்றேன்.

"ஓட்டாம? அர மணி நேரம் ஓட்டுனாரு. டிரைவரு சிரிச்சதுக்கு அவனுக்கும் ஒரு குச்சியக் குடுத்தாரு. அப்புறம் நான் கூட்டி அள்ளி வழி வுட்டேன். போறச்சதான், இந்த ஊருக்குக் களம் இல்லியா, மனு குடுங்கம்மான்னு அவரே சொன்னாரு. இத்தயெல்லாம் உங்கிட்ட சொன்னேனே செவ்வந்தி."

"சொன்ன."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு வுட்ட?"

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மனுவுல அப்பிடி எழுதக் கூடாது சாந்தம்மா. சண்ட போட்டேன்னு எழுதனா வேல ஆவாது. அழுதா தான் படிப்பாங்க. பதினாலு வருசமா கை அப்பிடியே பழகிட்ச்சி. நான் எழுதறேன்னு நெனச்சேன். கை எழுதிட்ச்சி."

"மனுவுக்கு சரி. நீ எழுதன மனுவாலதான் இந்தக் களமே வந்துச்சி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இத்த எந்த ஆபீசுல குடுக்கப் போற?"

"எந்த ஆபீசுலயும் இல்ல."

"அப்போ யாரப் பாத்து கும்புடற?"

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சாமைக்குள் காலைவிட்டு நடக்கத் தொடங்கினார். களத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "பேரயும் மறைக்காத. சாந்தம்மாள், அத்திக்கொல்லைன்னே போடு. தொடப்பத்தயும் போடு. இல்லன்னா எனக்கு வேணாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். பதிப்பகத்துக்குப் பிடித்ததே அந்த அழுகைதான். அதை எடுத்துவிட்டால் கதையை அவர்கள் எடுப்பார்களா என்று தெரியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்காவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். என் கையிலிருந்த தாளை வாங்கி, கடைசிப் பத்தியைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். "பேனா குடு" என்றார்.

களத்துச் சுவரில் தாளை வைத்து எழுதினார். இடையிடையே சாந்தம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார். குச்சி எந்த மரத்தில் ஒடித்தது? ஆபீசர் செருப்பு போட்டிருந்தாரா, ஷூவா? சாமை ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் புரட்டுவதற்குள் எழுதி முடித்துவிட்டார். அவர் இவ்வளவு வேகமாக எழுதி நான் பார்த்ததில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'சாமை காய்ந்ததும் நானே வழி விடுகிறேன். அதுவரை தாங்கள் கோழி ஓட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

நான் அதைப் படித்தேன். சாந்தம்மாள் நடந்துகொண்டே கேட்டார். முடிந்ததும், "இப்ப தான் நான்" என்று சொல்லிவிட்டு எங்களுக்குச் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார். ஸ்டாம்ப் பேடு கொண்டுவர மறந்துவிட்டோம். சம்மதத்துக்கான பெருவிரல் ரேகையை, அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

வெற்றிச்செல்வன் சாருக்குக் கவலைதான். "அவங்களுக்குப் பிடிச்சதே பழைய முடிவுங்க. ரெண்டையும் அனுப்பட்டுமா? அவங்களே எடுத்துக்கட்டும்."

"பழசு இல்ல சார். கிழிச்சிட்டேன்" என்றார் அக்கா.

"என் போன்ல இருக்குதே."

"அதயும் அழிச்சிடுங்க."

திங்கட்கிழமை வரை பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. அக்கா வழக்கம்போல் மனு எழுதினார். பஸ் சத்தம் கேட்டால் மட்டும், பதில் பஸ்ஸில் வரப்போவதைப் போல் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தோம். புதன்கிழமை மதியம் பள்ளியிலிருந்து சார் போனைக் கையில் பிடித்தபடி தார்ப்பாய்க்குக் கீழே வந்தார். ஒரே ஒரு வரிதான் வந்திருந்தது: 'அச்சுக்குப் போகும் முன் ஒரு சந்தேகம். கோழிகள் எத்தனை?'

அக்கா உடனே சொன்னார்: "ஏழு. அதுல ஒண்ணு சேவல்."

புத்தக வெளியீடு வேலூரில். சாந்தம்மாளையும் சேர்த்து ஆறு பேர் போளூர் இறங்கி, சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாகப் போனோம். சந்தவாசல் வந்ததும் அக்கா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ஸ்டாப்பில் தெரிந்த முகம் ஒன்று கேட்டது: "செவ்வந்தி, எங்க போற?" அக்கா சொன்னார்: "என் புக்கு வருது. போய்ட்டு வர்றேன்." பஸ் நகர்ந்த பிறகும் அந்த ஆள் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

அரங்கத்தில் அக்காவின் கதையைப் படித்தது முன்பின் தெரியாத ஒரு கல்லூரி மாணவி. கோழி வந்த இடத்தில் எழுந்த சிரிப்பு முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. சாந்தம்மாள் எழுந்து திரும்பி, சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பின்னாலிருந்த ஒருவர் கேட்டார்: "அந்தம்மா நீங்கதானா?"

"நான்தான். ஆனா எழுதனது இவ" என்று அக்காவின் தோளைத் தொட்டுக் காட்டினார்.

நாலைந்து பேர் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். அக்கா பேனாவைத் திறந்து, மனுவில் போடுவதுபோல இடது பக்கம் 'இடம்: வேலூர்' என்றும், அதன் கீழே தேதியும் எழுதினார். வலது பக்கம் கையெழுத்து. செவ்வந்தி. வாங்கிய மாணவி இது என்ன புது மாதிரி என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பதினான்கு வருடங்களாக மற்றவர்களுக்கு விரலால் சுட்டிக் காட்டிய அந்த வலது மூலையில் அவர் பெயர் உட்கார்ந்திருந்தது.

கொடுக்காத மனுக்களை மட்டும் தனிப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். இதுவரை பதினேழு ஆகியிருக்கின்றன. கார்டில் என் பெயர் சேர்ந்து மூன்று மாதமாகிறது. நான் இன்னும் கிளம்பவில்லை. பதினெட்டாவதைப் படிக்க அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரப்போவது நான்தான்.

போன வாரம் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தேன். மங்கம்மாள் என்று ஒரு வயதான அம்மா, நின்றுபோன பென்ஷனுக்கு மனு எழுத வந்தார். அக்கா எழுதிக் கொடுத்து, துணைக்குத் தானும் உள்ளே போனார். நானும் போனேன். மனு வாங்கும் எழுத்தர் அதை மேலிருந்து கீழே படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா செவ்வந்தி, கடசி வரி மொட்டையா கீது? 'தாழ்மையுடன்' காணோம்."

"வேணும்னு தான் வுட்டேன் சார். இந்தம்மாவுக்கு வர வேண்டியது தான கேக்கறாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், மங்கம்மாளைப் பார்த்தார், மறுபடியும் மனுவைப் பார்த்தார். முத்திரையைக் குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்து நீட்டினார். அக்கா அதை வாங்கி, மங்கம்மாளின் சுருக்குப்பைக்குள் தானே மடித்து வைத்துவிட்டு, வெளியே வந்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.